படகில் மாப்பிள்ளைக்கு முதல் இடம்

கம்பைப் பிடிக்கக் கை இல்லாதவனுக்குத்தான் ஹோல்டர் வேண்டும் என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். தூண்டில் கம்பைச் செருகி வைக்கிற அந்த எவர்சில்வர் குழாயைக் கண்டாலே எனக்கு எரிச்சல். மீன் பிடிக்க வந்தவன் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். குழாயில் செருகிவிட்டுப் போனைத் தடவிக்கொண்டிருப்பதற்கு வீட்டிலேயே கிடக்கலாமே! கிள்ளானில் ஒரு தூண்டில் கடையில் என் மனைவியின் மூத்த தம்பி, பெரிய மச்சான், ஆசையாக ஒரு ஹோல்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் காதுபட இதைச் சொன்னேன். அவன் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அன்றைக்கு முழுவதும் எனக்குக் குஷியாக இருந்தது.

பிறகு எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. உயிர் பிழைத்தேன். கால் ஓரளவு திரும்பியது. வாயும் திரும்பியது, அது மட்டும் திரும்பாமல் இருந்திருந்தால் பல பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இடது கைதான் வரவில்லை. தோளிலிருந்து சும்மா தொங்குகிறது. மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். பந்து கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெளியே போகும்போது அந்தக் கையை வலது கையால் தூக்கிக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வேன். பார்க்கிறவர்கள் ஏதோ ஸ்டைலாக நிற்கிறான் என்று நினைக்கட்டும் என்று ஒரு நப்பாசை. அவ்வளவு வெட்கம் எனக்கு.

அதற்கு முன்பு நான் பிரிக்பீல்ட்ஸில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பங்சார் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவேன். என் வேனில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது நான். முன் சீட்டுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். ஆனால் அங்கே நான் உட்கார வைப்பது வாந்தி எடுக்கிற பிள்ளையை. "நீதான் இன்னிக்கு ராஜா, முன்னால வா" என்பேன். அதுவும் பெருமையாக வந்து உட்காரும், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. மற்றவர்கள் மேல் படாமல் இருப்பதற்காகத்தான் அந்த ராஜ மரியாதை என்பது அதற்குத் தெரியாது. இந்த வேன் சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு இரண்டு தம்பிகள். பெரிய மச்சான் கிள்ளானில் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். சின்ன மச்சானுக்குத் துறைமுகத்தில் கிடங்கு வேலை. இரண்டு பேரும் சேர்ந்து பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, சின்னவன் வீட்டு போர்ச்சில் டிரெய்லரோடு நிறுத்திப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவையும் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர்கள்தான் சொல்லியனுப்பினார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபித்துக்கொண்டே பழக்கம். அன்றைக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். யாரும் எனக்காக இழுத்துக் கொடுக்காமல், நானே சுற்றி ஒரு மீனைப் படகுக்குள் கொண்டுவர வேண்டும். அது நடந்தால் நான் இன்னும் மனிதன். நடக்காவிட்டால் பார்சல். இப்படித்தான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். ஒற்றைக் கையால் ரீலைச் சுற்ற வேண்டுமென்றால் கம்பை வேறு ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும். நான் கிண்டலடித்த அதே ஹோல்டர்தான் இப்போது எனக்கு இடது கை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கம்பைச் சன்னல் கிரில்லில் கயிற்றால் கட்டிவிட்டு, ரீலின் கைப்பிடியை வலது பக்கத்துக்கு மாற்றி, சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நூலின் மறுமுனையில் ஒரு மினரல் வாட்டர் போத்தல். ஒருநாள் மனைவி மார்க்கெட்டிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டாள். போத்தல் கூடத்தில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

அப்படிப் பழகியதில் ஒன்று தெளிவாகிவிட்டது. என் ஹோல்டர் எங்கே இருக்க வேண்டும் என்பது. படகின் பின்பக்கம், வலது மூலை. அங்கே பெஞ்சு இருக்கிறது. உட்கார்ந்தபடியே ரீல் என் வயிற்றுக்கு நேராக வரும். இடது தோளைப் பெஞ்சின் முதுகில் சாய்த்துக்கொள்ளலாம். இதைவிட முக்கியம், நங்கூரம் போட்டால் படகு மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிக்கொண்டு நிற்கும். தூண்டில் நூலெல்லாம் தண்ணீரோடு பின்னால் போகும். மீன் பிடிக்கிற இடம் பின்பக்கம்தான். மூக்கில் உட்கார்ந்தவனின் நூல் ஒன்று படகுக்கு அடியில் போய்ச் சிக்கும், இல்லையென்றால் நங்கூரக் கயிற்றைச் சுற்றிக்கொள்ளும். படகு ஏறிய எவனுக்கும் இது தெரியும்.

ஹோல்டர் பொருத்துகிற நாளன்று எங்களைக் கிள்ளானுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போர்ச்சில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டு, அதன் மேல் ஒரு குஷனும் வைத்திருந்தார்கள். பாக்கெட்டில் கையோடு உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அவள் பையைக் கீழே வைக்கமாட்டாள். எங்கேயாவது தொலைத்துவிடுவோம் என்ற பயமாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

படகின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அங்கேதான் ஓட்டை விழும். பின்பக்கம் இடது மூலையில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் வலது மூலையில் ஒன்று. அந்த வலது மூலைக் குறியைப் பார்த்ததும் எனக்கு மனசு துள்ளியது. எனக்காகத்தான் என்று நினைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய மச்சான் என் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். அவன் அந்த டேப்பைச் சுரண்டிப் பிய்த்து உருட்டிப் போட்டுவிட்டு, முன்பக்கம் போய்ப் படகின் மூக்கில் புதிதாக ஒரு டேப்பை ஒட்டினான்.

"மாமாவுக்கு முன்னால. மாமாவுக்குத்தான் ஃபர்ஸ்ட் பிளேஸ்" என்றான் சத்தமாக.

"ஆமா லா, மாமா முன்னால உட்காந்தாதான் போட்டுக்கே அழகு" என்றான் சின்னவன்.

வாந்தி எடுக்கிற பிள்ளை! எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நீதான் இன்னிக்கு ராஜா, முன்னால வா. மூலையில் இவனை உட்கார வைத்தால் நம் நூலோடு சிக்குப் போடுவான், தூக்கிவிடு, பிடித்துவிடு என்று தொல்லை கொடுப்பான், முன்னால் தூக்கி வைத்துவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். என் மனைவியும் அதற்கு உடந்தை. காது இரண்டும் எரிந்தது. வாயைத் திறந்து, "மச்சான், எனக்கு அந்த மூலைதான் வசதி" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் மாப்பிள்ளை ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே வர வேண்டும், வராவிட்டால் கோபம். இதுதான் என் சட்டம். கொடுக்கிற முதலிடத்தை வேண்டாம் என்று சொல்லி இயலாதவன் மூலையைக் கேட்பதா?

சின்ன மச்சானின் மனைவி தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்தாள். என் ஹோல்டருக்குப் போட்ட குறிக்குத்தான் முதல் பொட்டு. கற்பூரத்தைக் கொளுத்தப் போனவளைப் பார்த்துப் பெரிய மச்சான் அலறினான்: "ஐயோ, டேங்க்ல பெட்ரோல் இருக்கு லா! தள்ளிப் போ, தள்ளிப் போ!" கடைசியில் படகுக்கான கற்பூரத்தை வாசல் கேட்டுக்கு வெளியே நின்று காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ஓகே தானே மாமா?" என்று கேட்டான் பெரியவன், டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு.

"உங்க போட்டு, உங்க இஷ்டம்" என்றேன்.

டிரில் பைபருக்குள் இறங்கியது. வெள்ளைத் தூள் குங்குமத்தின் மேல் கொட்டியது. ஓட்டை போட்டால் போட்டதுதான், பைபர் திரும்ப வளராது. உள்பக்கம் பலகை வைத்து போல்ட் முடுக்கி, பலமாகத்தான் பொருத்தினார்கள். என் பாக்கெட்டுக்குள் இருந்த கையைப் போலவே நானும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்கு அந்தப் பக்கமிருந்த ஒரு சின்னப் படகுத்துறையிலிருந்து கிளம்பினோம். ஏறுவதற்குள்ளேயே மானம் போய்விட்டது. சின்ன மச்சான் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, பெரியவன் என் காலைப் பிடித்துப் படகுக்குள் வைக்க, படகுத்துறையில் நின்ற மலாய்க்காரர் ஒருவர், "பெலான் பெலான், அங்கிள்" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். மெதுவாக வா என்கிறாராம். நான் என்ன ஓடவா போகிறேன்?

மூக்கில் குஷன் போட்டு உட்கார வைத்தார்கள். கன்டெய்னர் கப்பல்கள் கடந்து போகும்போதெல்லாம் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. சதுப்புக்காட்டு ஓரமாக ஓர் இடத்தில் நங்கூரம் போட்டார்கள், என் காலுக்குப் பக்கத்திலிருந்துதான். கயிறு என் ஹோல்டரை உரசிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. இரை போட்டேன். நூல் போன வேகத்தில் திரும்பிப் படகுக்கு அடியில் நுழைந்தது. எனக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரும் பின்பக்கம் கம்புகளை வைத்துக்கொண்டு அடிக்கடி மீன் ஏற்றினார்கள். கெளுத்தி ஒன்று, சிறிய சியாகாப் ஒன்று. சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பினால் நின்றது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரிக்குமுன் முதல் பொட்டலம் எனக்கு வந்தது, இரண்டு கையாலும் நீட்டினான் சின்னவன். கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டான். நான் கடலைப் பார்த்துக்கொண்டு தனியாகத் தின்றேன்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு அடிக்கடி சிறுநீர் வரும். அதற்கென்று வாயை அகலமாக வெட்டிய போத்தல் ஒன்றைப் பின்பக்கப் பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தார்கள். கிளம்பும்போதே பெரியவன் காதோடு காதாகச் சொன்னான், "வேணும்னா கூப்பிடுங்க மாமா." கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஐஸ் பெட்டியையும் கயிறுகளையும் தாண்டி என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அல்லது போத்தலைக் கொண்டுவந்து தருவார்கள். நான் கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் என் கம்பு வளைந்தது. சும்மா ஆடவில்லை, தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வளைந்தது. வலது கையால் சுற்றினேன். மீன் இடது பக்கமாக ஓடி, நங்கூரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டது. நூல் கயிற்றின் மேல் நரநரவென்று அறுக்கிற சத்தம் கேட்டது. யாராவது ஒருவன் வந்து கம்பை ஹோல்டரிலிருந்து உருவிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொடுத்திருந்தால் போதும். மீன் என்னுடையது.

"மாமா, மீனா? வரவா?" பின்னாலிருந்து பெரியவன்.

"ஒண்ணுமில்ல. குப்பை மாட்டியிருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சத்தியமாக, அந்த நிமிடத்தில் மீனைவிட எனக்கு வீம்புதான் பெரிதாக இருந்தது. நானே எழுந்து, கம்பை உருவி, ஒற்றைக் கையால் கயிற்றைச் சுற்றிக் கொண்டுவரப் பார்த்தேன். படகு ஒரு தூக்குத் தூக்கியது. முட்டி மடங்கி விழுந்தேன். நூல் அறுந்தது. விழுந்த அதிர்ச்சியில், இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் கால்சட்டையிலேயே போய்விட்டது. சூடாக, நிறுத்த முடியாமல். பிள்ளைகுட்டி பெற்று, ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை அதட்டி மேய்த்த மனிதன், மச்சான்களின் படகில் மூத்திரம் போய்விட்டேன்.

சின்ன மச்சான் ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தான். பார்த்துவிட்டான். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திரும்பிப் போய் வாளியை எடுத்துக் கடல் தண்ணீரை மொண்டு வந்து, "இரை நாத்தம் தாங்கல லா" என்று சொல்லிக்கொண்டே முன்பக்கம் முழுக்க ஊற்றினான். தன் காலில் ஊற்றிக்கொண்டான். என் மடியிலும் நன்றாக ஊற்றினான்.

"சாரி மாமா, மேல பட்டுருச்சா?" என்றான்.

அவன் என்ன செய்கிறான் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததால்தான் கோபம் வந்தது. "கண்ணு என்ன பின்னாலயா இருக்கு? ஆளு உட்காந்திருக்கறது தெரியல?" என்று கத்தினேன். என் மானத்தை மறைக்கத் தன்னை நனைத்துக்கொண்டவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னாலிருந்து பெரியவன், "மன்னிச்சுக்குங்க மாமா, தெரியாம செஞ்சிட்டான்" என்றான். திரும்பி வரும் வழியெல்லாம் இன்ஜின் மட்டும் பேசியது.

வீட்டில் மனைவி என் கால்சட்டையை வாளியில் ஊறப் போட்டாள். முகர்ந்தும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. அவள் கேட்காதது எனக்கு இன்னும் எரிந்தது. நானே ஆரம்பித்தேன்.

"உன் தம்பிங்க நல்லா செஞ்சானுங்க. மூட்டைய தூக்கி வைக்கிற மாதிரி என்னைக் கொண்டுபோய் முன்னால வெச்சுட்டு, அவனுங்க பின்னால உட்காந்து மீன் புடிக்கிறானுங்க. நீயும்தான் தலைய தலைய ஆட்டினியே!"

அவள் குழாயை மூடினாள். "ஆமா, நாந்தான் ஆட்டினேன். அவனுங்க மொதல்ல உங்களுக்கு அந்தப் பின்னால மூலையிலதான் டேப் ஒட்டினானுங்க. முந்தின நாளே போன் போட்டுக் கேட்டானுங்க. அக்கா, மாமாவுக்கு அந்த மூலைதான் வசதி, வலது கையால சுத்தலாம், சாஞ்சுக்கலாம், ஆனா இன்ஜின் பக்கத்துல உட்கார வெச்சா கோவிச்சுக்குவாரா? அப்படின்னு. சின்னவன் அந்தப் பெஞ்சுல உட்காந்து, ஒரு கைய முதுகுப் பக்கம் கட்டிக்கிட்டு, உயரம் சரியா இருக்கான்னு பாத்தானாம்."

நான் வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாந்தான் சொன்னேன், வேண்டாம்டா சாமி, முன்னாலயே போடுங்கன்னு. அப்பவும் மனசு கேக்காம பின்னால ஒட்டி வெச்சிருந்தானுங்க, அன்னிக்கு என்னைப் பாத்துட்டுத்தான் பிச்சான். பின்னால போட்டு நீங்க பாதியில எந்திரிச்சுக் கெளம்பிட்டா? நடுக் கடல்ல எங்க போயி எறங்குறது?"

"நான் என்ன பைத்தியமா?"

"அவன் கல்யாணத்துல செஞ்சீங்களே."

சின்ன மச்சானின் கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையில் போட்டோ எடுக்க, மூத்த மாப்பிள்ளை என்னை முதலில் கூப்பிடாமல் பெண் வீட்டுக்காரர் யாரையோ கூப்பிட்டுவிட்டார்கள். மைக்கைப் பிடித்தவன் செய்த பிழை. நான் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து வேனை எடுத்துவிட்டேன். கூடப் பிறந்த தம்பியின் தலையில் அட்சதை போடாமல் அவள் வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. முதல் இலை எனக்கு, முதல் மாலை எனக்கு, முதல் தே தாரேக் டீ எனக்கு. கத்தினால்தான் மரியாதை கிடைக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் வேறு.

"அதெல்லாம் மரியாதைன்னா நெனச்சிங்க?" என்றாள் மனைவி. "பயம்ங்க. உங்களுக்கு உடம்பு முடியாமப் போன பிறகும் இன்னும் பயப்படுறானுங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டாள். நான் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். வாந்தி எடுக்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேனே, அதுவாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அந்தப் பிள்ளைமேல் யாருக்கும் பயம் இல்லை. அறுந்துபோன மீன், நனைந்த கால்சட்டை, தலை குனிந்த சின்னவன், எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான் காரணம். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் கிள்ளானுக்குப் போகலாம் என்று நானே சொன்னேன். மனைவி ஏன் என்று கேட்காமல் பையை எடுத்துக்கொண்டாள். கொமுட்டர் ரயிலில் சன்னலைப் பார்த்துக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். மச்சான், எனக்குப் பின்னால் ஒரு இடம் கொடுங்கள். எவ்வளவு சின்ன வாக்கியம்! ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதைக் கொஞ்சம் மாற்றினேன். ஷா ஆலாம் தாண்டும்போது திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது.

போர்ச்சில் இரண்டு பேரும் இன்ஜினைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பெரியவன் ஓடிப்போய் குஷனோடு நாற்காலியைக் கொண்டுவந்தான். நான் உட்காரவில்லை. பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து வெளியே விட்டேன். அது அதன் இஷ்டத்துக்குத் தொங்கியது. தொங்கட்டும்.

"மச்சான்" என்றேன். "முன்னால என்னால முடியல. நூலு கயித்துல சுத்துது. அன்னிக்கு மாட்டினது குப்பை இல்ல, மீனுதான். எனக்கு அந்தப் பின்னால மூலைய குடுங்க. மீன் மாட்டினா நான் கூப்பிடுறேன். மத்ததுக்கும் கூப்பிடுறேன்."

பெரியவன் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றான். அவன் கண் என்மேல் இல்லை, அவன் அக்காமேல் இருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சின்னவனைப் பார்த்து, "அன்னிக்கு நீ தண்ணி ஊத்தினியே... கத்துனது தப்பு, மச்சான்" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அவன் டிரில்லை எடுக்க உள்ளே ஓடினான்.

மூலையில் டேப் ஒட்டினார்கள். இந்தத் தடவை நான் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன். கம்பைச் செருகிக் காட்டி, இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து என்று நானே சொன்னேன். பெரியவன் குறி போட்டான். அடியில் கையை விட்டு ஒயர் எதுவும் போகவில்லை என்று பார்த்துக்கொண்டான்.

"முன்னால இருக்கறதக் கழட்டிடவா மாமா?"

"இருக்கட்டும் லா. என்னை மாதிரி கோவக்காரன் எவனாச்சும் வந்தா உட்கார வைக்க வேணாமா?" என்றேன்.

பெரியவன் வாயைப் பொத்திக்கொண்டான். சின்னவனால் அடக்க முடியவில்லை. "மாமா, இனிமே மீன் மாட்டினா சத்தமா கத்துங்க, ஓகே? என் கல்யாணத்துல கத்துனீங்களே, அந்த மாதிரி" என்றான்.

மாமனுக்கும் மச்சானுக்கும் நடுவே எல்லா வீட்டிலும் நடக்கிற கேலிதான். இத்தனை வருடத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கேலி அது. எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள் நான் அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டேன். பெரியவன் டிரில்லை நிறுத்திவிட்டான். சொன்ன சின்னவன், சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்படியே உறைந்து நின்றான். நான் சட்டென்று மனைவியைத் தேடினேன். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் கேட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஓட்டையப் போடு மச்சான்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

டிரில் மறுபடியும் ஓடியது. மச்சான்கள் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் அங்கே உட்கார்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி போல்ட் இறுகுகிற வரைக்கும் அவள் அந்தப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.